கேமிங் நெட்வொர்க் கார்டு வாங்கலாமா? முழுமையான வழிகாட்டி

கிராபிக்ஸ் கார்டு வாங்கியாயிற்று, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வந்தாயிற்று. ஆனாலும் எதிராளி நம்மைச் சுட்டுத் தள்ளிய பிறகுதான் அவன் தலையே திரையில் தெரிகிறது. அடுத்ததாகக் கண்ணில் படுவது ‘கேமிங் லேன் கார்டு’. கறுப்புப் பெட்டி, சிவப்பு எழுத்து, சாதாரணக் கார்டைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. இதைப் போட்டால் லேக் போய்விடும் என்று கடைக்காரரும் சொல்கிறார், யூடியூபரும் சொல்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு அது வேண்டாம். லேக் உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் கார்டில் பிறப்பதில்லை. உங்கள் வீட்டில் அது எங்கே பிறக்கிறது என்பதைப் பைசா செலவில்லாமல் நீங்களே கண்டுபிடிக்கலாம். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதற்குத்தான். புதுக் கார்டு வாங்கியே தீரவேண்டிய நிலைமைகளும் சில உண்டு. அவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

கார்டின் கையில் இருக்கும் நேரம் எவ்வளவு?

தனியாகக் கார்டு எதுவும் மாட்டாவிட்டாலும் உங்கள் மதர்போர்டில் அந்த வேலையைச் செய்யும் சிப் ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலும் ரியல்டெக், இல்லாவிட்டால் இன்டெல். நீங்கள் மவுஸை அழுத்தியதும் கேம் ஒரு சின்ன டேட்டா பாக்கெட்டைத் தயார் செய்கிறது. அதை மின்குறிகளாக்கிக் கேபிளில் ஏற்றுவதும், எதிர்த்திசையில் வருவதை இறக்கி விண்டோஸிடம் கொடுப்பதும்தான் அந்தச் சிப்பின் வேலை.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1500 பைட் உள்ள முழு அளவுப் பாக்கெட்டை 1 ஜிபிபிஎஸ் கேபிளில் ஏற்ற 12 மைக்ரோசெகண்ட். விலை கூடிய 2.5 ஜிபிபிஎஸ் கார்டில் 5 மைக்ரோசெகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சமாவது 7 மைக்ரோசெகண்ட். ஆயிரம் மைக்ரோசெகண்ட் சேர்ந்தால்தான் ஒரு மில்லிசெகண்ட். வேலோரன்ட் சர்வர் நொடிக்கு 128 முறை கணக்குப் பார்க்கிறது, அதாவது 7.8 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. நீங்கள் காசு கொடுத்து மிச்சம் பிடித்தது அந்த ஒரு இடைவெளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் கேம் பாக்கெட்டுகள் 1500 பைட் வரை போவதே அபூர்வம். 200 பைட் பாக்கெட் என்றால் சாதாரண கிகாபிட் போர்ட்டிலேயே 1.6 மைக்ரோசெகண்டில் ஏறிவிடும்.

சிப்புகளில் இன்டரப்ட் மாடரேஷன் என்றொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல், சில பாக்கெட்டுகள் சேரட்டும் என்று சிப் கொஞ்சம் காத்திருக்கும். கேமிங் கார்டுகளின் விளம்பரத்தில் இது பெரிய வில்லனாக வரும். அந்தக் காத்திருப்பு சில பத்து மைக்ரோசெகண்டிலிருந்து சில நூறு வரைதான். அதை அணைக்க வேண்டுமென்றால் இருக்கும் சிப்பிலேயே அணைக்கலாம்.

2006இல் வந்த ‘கில்லர்’

இந்தச் சரக்கு சந்தைக்கு வந்த கதை சுவாரசியமானது. 2006இல் அமெரிக்காவின் பிக்ஃபுட் நெட்வொர்க்ஸ் நிறுவனம் ‘கில்லர் நிக்’ என்ற கார்டைக் கிட்டத்தட்ட 280 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேலே கே எழுத்து வடிவத்தில் கத்தி போன்ற உலோக ஹீட்சிங்க். கீழே 400 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி பிராசஸர், 64 எம்பி நினைவகம், அதில் ஓடும் குட்டி லினக்ஸ். கார்டிலேயே ஒரு யூஎஸ்பி போர்ட்டும் இருந்தது. டோரன்ட் டவுன்லோடைக் கம்ப்யூட்டரைத் தொடாமல் கார்டே பார்த்துக்கொள்ளும் என்பதும் அதன் வித்தைகளில் ஒன்று. ஒரு லேன் கார்டு என்பதைவிடக் கம்ப்யூட்டருக்குள் செருகிய இன்னொரு கம்ப்யூட்டர் என்பதே சரி.

அந்தக் காலத்துக்கு அந்த யோசனையில் கொஞ்சம் நியாயம் இருந்தது. பல வீடுகளில் ஒற்றைக் கோர் பிராசஸர்தான். நெட்வொர்க் வேலையும் கேமும் ஒரே கோரைப் பங்கு போட்டன. நெட்வொர்க் வேலையைக் கார்டுக்குத் தள்ளிவிட்டால் பிராசஸருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆனால் அதே 2006இல் இன்டெல்லின் கோர் 2 டியோவும் வந்துவிட்டது. இரண்டாவது கோர் வந்ததும் அந்த நியாயமும் கரைய ஆரம்பித்தது. அப்போது சோதித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு சில கேம்களில் கொஞ்சம் மாற்றம் தெரிந்தது, பலவற்றில் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் இல்லை.

அப்புறம் அந்தப் பெயர் கைமாறிக்கொண்டே போனது. 2011இல் குவால்காம் ஏத்தெரோஸ் பிக்ஃபுட்டை வாங்கியது. பின்னர் ரிவெட் நெட்வொர்க்ஸ் என்று தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2020இல் இன்டெல் அதை வாங்கிக்கொண்டது. அதனால் இன்று லேப்டாப்பிலோ மதர்போர்டிலோ ‘கில்லர்’ என்று பார்த்தால் உள்ளே தனி பிராசஸரோ லினக்ஸோ கிடையாது. கில்லர் இ3100 என்பது இன்டெல்லின் ஐ225 குடும்பத்துச் சிப். கில்லர் ஏஎக்ஸ்1675 என்பது இன்டெல் ஏஎக்ஸ்210 வைஃபை கார்டின் உடன்பிறப்பு. கூடுதலாக வருவது ஒரு மென்பொருள்தான்.

அந்த மென்பொருளின் முக்கிய வேலை ஒன்றுதான்: உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பும் போக்குவரத்தில் கேமுக்கு முதலிடம் கொடுத்து, பின்னால் ஓடும் டவுன்லோடைத் தள்ளி நிறுத்தும். பக்கத்து அறையில் அக்கா ரீல்ஸ் ஏற்றுவது அதற்குத் தெரியவே தெரியாது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான்காம் படியில் தேவைப்படும்.

படி 1: தூரத்தைக் கணக்குப் போடுங்கள்

கேமின் மூலையில் தெரியும் பிங் எண் என்பது, பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்பிவர ஆகும் மொத்த நேரம். அதில் குறைக்கவே முடியாத ஒரு பகுதி உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். வெற்றிடத்தில் போவதில் மூன்றில் இரண்டு பங்கு வேகம். ஆகவே 1000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சர்வருக்குப் போய்வர 10 மில்லிசெகண்ட் கட்டாயம்.

கோயம்புத்தூரிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 1000 கிலோமீட்டர், சென்னையிலிருந்தும் அதே அளவுதான். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் ரவுட்டர்களும் உண்டு. அதனால் மும்பை சர்வருக்கு 25, 30 என்று பிங் காட்டினால் உங்கள் இணைப்பு நன்றாகவே இருக்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2900 கிலோமீட்டர். அங்கே இருக்கும் சர்வரில் ஆடினால் 29 மில்லிசெகண்டுக்குக் கீழே எந்தக் கொம்பனாலும் இறக்க முடியாது. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சர்வரில் ஆடுபவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்.

எனவே முதல் வேலை, கேம் அமைப்புகளுக்குள் போய் எந்தச் சர்வர் தேர்வாகியிருக்கிறது என்று பார்ப்பது. வேலோரன்ட்டுக்கு மும்பையில் சர்வர் உண்டு. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2க்கு மும்பை, சென்னை இரண்டிலும் உண்டு. எப்போதோ நண்பர்களுக்காக சிங்கப்பூருக்கு மாற்றிவிட்டு மறந்துபோனவர்கள் நிறையப் பேர். அதைத் திருத்தினால் குறையும் மில்லிசெகண்டை எந்தக் கார்டும் தராது.

படி 2: ரவுட்டர் வரை உள்ள பாதையைச் சோதியுங்கள்

விண்டோஸ் தேடல் பெட்டியில் சிஎம்டி என்று அடித்துக் கறுப்பு ஜன்னலைத் திறங்கள். ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுத்தால் ‘டீஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் ஓர் எண் வரும், பெரும்பாலும் 192.168.1.1 போல. அதுதான் உங்கள் ரவுட்டர். இப்போது பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த எண், மறுபடி இடைவெளி விட்டுச் சிறுகோடு போட்டு டி எழுத்து. நொடிக்கொரு வரி ஓட ஆரம்பிக்கும். இரண்டு நிமிடம் ஓடவிட்டு, கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தி நிறுத்துங்கள்.

கேபிள் வழியாக இணைத்திருந்தால் எல்லா வரிகளும் ‘1 மில்லிசெகண்டுக்குக் குறைவு’ என்றே வரவேண்டும். அப்படி வந்துவிட்டால் கார்டு பற்றிய விசாரணை இங்கேயே முடிந்தது. கம்ப்யூட்டர், கார்டு, கேபிள், ரவுட்டரின் உள்முகம் எல்லாம் சேர்ந்தே ஒரு மில்லிசெகண்டுக்குள் முடித்துவிடுகின்றன. அந்த ஒன்றுக்குள் எதைக் குறைத்து, 40 காட்டும் பிங்கை 20 ஆக்குவது?

வைஃபை என்றால் காட்சி வேறு. 2, 3, 2, 4 என்று ஒழுங்காக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று 85, அடுத்து 140, பிறகு மறுபடி 3. கேமில் ஆள் நின்ற இடத்திலிருந்து தாவிக் குதிப்பது இந்த வரிகளில்தான். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த மூன்றையும் பத்துப் பதினைந்து ரவுட்டர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினாலே பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதியைத் தீர்ப்பது கேபிள்.

கேபிள் இழுக்க வழியில்லை என்பார்கள். பழைய கேபிள் டிவிக்காகச் சுவருக்குள் பைப் பதித்த வீடு என்றால் எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இப்போது அந்தப் பைப்பில் பயனில்லாத டிவி ஒயர்தான் கிடக்கும். அதன் முனையில் லேன் கேபிளைக் கட்டி மறுபக்கத்திலிருந்து இழுத்தால் வந்துவிடும். கரன்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் லேன் கேபிளைச் சேர்த்து விடாதீர்கள், அது ஆபத்து.

படி 3: கேபிளைக் கையில் எடுத்துப் பாருங்கள்

கேபிளில் இணைத்தும் ரவுட்டருக்கே பிங் தடுமாறுகிறதா, அல்லது ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்று நடுநடுவே வருகிறதா? கார்டைச் சந்தேகப்படுவதற்கு முன் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

முனையில் இருக்கும் ஆர்ஜே45 பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குள் எட்டு ஒயர்கள் வரிசையாகத் தெரியும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. எட்டும் முன்சுவரைத் தொட்டு நிற்க வேண்டும். ஏதாவது ஒன்று உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் அங்கே தொடுப்பு சரியாக இருக்காது. வெளிச் சட்டை பிளக்குக்குள் நுழையாமல் நிற்க, உள்ளிருக்கும் ஒயர்கள் மட்டும் வெளியே தெரிந்தால் அது அவசரத்தில் கிரிம்ப் செய்தது. பூட்டிக்கொள்ளும் அந்தச் சின்ன நாக்கு உடைந்திருந்தால் கேபிளை மாற்றிவிடுங்கள். கால் பட்டாலே இணைப்பு போய்வரும்.

100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நான்கு ஒயர் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதனால் அந்த நான்கில் சேராத ஓர் ஒயர் அறுந்தால் கேபிள் முழுக்கச் செத்துவிடாது, 100க்கு இறங்கிக்கொண்டு பிழைத்திருக்கும். விண்டோஸில் ஈதர்நெட் இணைப்பின் விவரத்தைத் திறந்து ‘லிங்க் ஸ்பீட்’ என்ற வரியைப் பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருந்தால் கார்டு மெதுவாகிவிட்டது என்று புதுசு வாங்க ஓடாதீர்கள். கேபிளை மாற்றிப் பார்த்து அதே 100 நின்றால் மட்டும் போர்ட்டைச் சந்தேகப்படலாம்.

கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ்ஸும் தாங்கும், 2.5ம் தாங்கும். வீட்டுக்கு அதுவே போதும், கேட் 6 இருந்தால் நல்லது. கேட் 8 என்று தங்கமுலாம் பூசி விற்பதற்குக் கொடுக்கும் காசு வீண். வாங்கும்போது சுத்தச் செம்பா என்று மட்டும் கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள்கள் சந்தையில் நிறைய. அவை மடிக்கும் இடத்தில் சீக்கிரம் ஒடிந்துவிடும்.

படி 4: வீடே நெட்டில் இருக்கும்போது சோதியுங்கள்

பகலில் நன்றாக ஓடுகிறது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் லேக் அடிக்கிறது என்பதுதான் அதிகம் கேட்கும் புகார். அதற்கு முதல் சந்தேக நபர் பஃபர்ப்ளோட். பெயர் முரட்டுத்தனமாக இருந்தாலும் விஷயம் எளிது.

உங்கள் ரவுட்டருக்கு அனுப்பும் வேகம் 20 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவின் போன் கல்யாண வீடியோவைக் கூகுளுக்கு ஏற்றுகிறது. போனிலிருந்து ரவுட்டருக்கு வைஃபையில் 200 எம்பிபிஎஸ்ஸில் வந்து கொட்டுகிறது, வெளியே போவதோ 20தான். மிஞ்சியதை ரவுட்டர் தன் பஃபரில் அடுக்கி வைக்கிறது. அதில் அரை எம்பி நிறைந்துவிட்டால் 4 மெகாபிட், அது காலியாக 200 மில்லிசெகண்ட் ஆகும். அந்த நேரத்தில் உங்கள் கேம் அனுப்பிய 200 பைட் பாக்கெட் வரிசையின் கடைசியில் போய் நிற்கும். சுங்கச்சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிய ஆம்புலன்ஸ் கதைதான். ஆம்புலன்ஸ் தன் ஷெட்டிலிருந்து 7 மைக்ரோசெகண்ட் முன்னால் கிளம்பியதால் என்ன லாபம்?

சோதிப்பது சுலபம். கறுப்பு ஜன்னலில் இம்முறை 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்குப் பிங்கை ஓடவிடுங்கள். வழக்கமான எண்ணைக் குறித்துக்கொண்டு, வேறொரு போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை டிரைவில் ஏற்றுங்கள். 20இல் ஓடிய எண் 150, 250 என்று ஏறி, ஏற்றி முடித்ததும் பழைய நிலைக்கு வந்தால் குற்றவாளி அகப்பட்டான். இதே சோதனையைப் பெரிய டவுன்லோடு ஒன்றைப் போட்டும் செய்யுங்கள்.

இங்கேதான் கேமிங் கார்டின் வாதம் முழுசாகக் கவிழ்கிறது. வரிசை நிற்பது ரவுட்டரில், உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. போன் அனுப்பும் பாக்கெட்டுகள் உங்கள் கார்டு வழியாகப் போவதே கிடையாது. டவுன்லோடு என்றால் வரிசை இன்னும் தள்ளி, இணைய நிறுவனத்தின் பக்கத்தில் நிற்கும்.

தீர்வும் ரவுட்டரில்தான். பஃபர்ப்ளோட் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜிம் கெட்டிஸ். அதற்கு மருந்தாக 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதைக் கவனித்து, அளவு மீறினால் சிலவற்றை விட்டுவிட்டு, அனுப்புபவரின் வேகத்தைக் குறைக்கவைக்கும் முறை. அதிலிருந்து வந்த எஃப்க்யூ-கோடெல், கேக் ஆகியவை ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஓடும் ரவுட்டர்களில் எஸ்க்யூஎம் என்ற பெயரில் கிடைக்கின்றன. உங்கள் இணைப்பின் உண்மையான வேகத்தை அளந்து, அதில் 85 முதல் 95 சதவீதத்தை அங்கே எண்ணாகக் கொடுக்க வேண்டும். வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம், வரிசை நம் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடுகிறது. போன் வீடியோ ஏற்றிக்கொண்டே இருக்கும், பிங் 20க்கும் 30க்கும் நடுவில் நின்றுவிடும்.

இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. அதன் பின்னால் வசதியுள்ள சொந்த ரவுட்டர் ஒன்றை வைத்து, வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளையும் அதன் வழியாக இணைக்க வேண்டும். கேமிங் கார்டுக்கு எடுத்துவைத்த பணத்தை இதில் போடுங்கள். அதுவரை செலவில்லாத வழி ஒன்று: போன்களில் தானாகப் படம் ஏற்றும் வேலையை விடியற்காலைக்குத் தள்ளிவையுங்கள்.

படி 5: வாசலுக்கு வெளியே

வீட்டுக்குள் எல்லாம் சுத்தம், யாரும் நெட்டைப் பயன்படுத்தவில்லை, அப்போதும் பிங் எகிறுகிறது என்றால் அதே கறுப்பு ஜன்னலில் டிரேஸ்ஆர்டி என்று அடித்து, இடைவெளி விட்டு 8.8.8.8 முகவரியைக் கொடுங்கள். பாக்கெட் கடந்துபோகும் ரவுட்டர்கள் வரிசையாக வரும். நடுவில் ஒரே ஒரு வரியில் 180 என்று வந்து அடுத்தடுத்த வரிகளில் 30 என்று வந்தால் பயப்பட வேண்டாம். அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதை அவசரமில்லாத வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வரியில் ஏறிய எண் கடைசி வரை இறங்காமலே போனால்தான் சிக்கல் அங்கே. அதைப் படமெடுத்து நேரத்தோடு இணைய நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ‘நெட் ஸ்லோ’ என்று போனில் சொல்வதைவிட அதற்குப் பலன் அதிகம்.

படி 6: இருக்கும் சிப்பைச் சரிசெய்யுங்கள்

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற கிளையில் உங்கள் ஈதர்நெட் சிப்பின் பெயர் இருக்கும். அதன் ப்ராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு பக்கம். எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் என்ற மின்சேமிப்பு வசதிகளை அணையுங்கள். நேரம் மிச்சமாகும் என்பதற்காக இல்லை, சில சிப்புகளில் இவை இணைப்பைத் துண்டிக்கும் என்பதற்காக. மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலோ சிப் நிறுவனத்தின் தளத்திலோ புது டிரைவர் எடுத்துப் போடுங்கள்.

சிப்பே சொதப்பிய கதைகளும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இன்டெல் ஐ225 சிப்பின் முதல் பதிப்புகளில் 2.5 ஜிபிபிஎஸ் வேகத்தில் பாக்கெட்டுகள் தொலையும் குறை இருந்தது. வேகத்தை 1 ஜிபிபிஎஸ்ஸாகப் பூட்டிவைப்பதுதான் அப்போதைய கைவைத்தியம். அடுத்து வந்த ஐ226இல் இணைப்பு அறுந்து அறுந்து வருவதாகப் புகார்கள் எழுந்தன, அதற்கும் மேலே சொன்ன மின்சேமிப்பை அணைக்கும் யோசனைதான் முதலில் வந்தது. விலை உயர்ந்த மதர்போர்டுகளில் இருந்த சிப்புகள் இவை. சில ஆயிரம் ரூபாய் போர்டில் இருந்த ரியல்டெக் கிகாபிட் சிப் அப்போதும் அலட்டிக்கொள்ளாமல் ஓடியது.

நேகிள்ஸ் அல்காரிதத்தை ரெஜிஸ்ட்ரியில் அணைத்தால் பிங் பாதியாகும் என்ற வீடியோக்களை நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள். அது 1984இல் டிசிபி இணைப்புகளுக்காக வந்த முறை. துப்பாக்கிச் சண்டை கேம்கள் பெரும்பாலும் யூடிபியில் ஓடுகின்றன, அந்த முறை அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை.

சரி, எப்போதுதான் கார்டு வாங்குவது?

இடி மின்னலுக்குப் பிறகு போர்ட்டில் விளக்கே எரியவில்லை என்றால் வாங்கலாம். கம்பத்திலிருந்து செம்பு லேன் கேபிளை வீட்டுக்கு நேராக இழுத்திருக்கும் இடங்களில் இது மழைக்காலத்தில் சகஜம். போர்ட் மட்டும் போய் மதர்போர்டு பிழைத்திருந்தால், போர்டையே மாற்றச் சொல்பவரிடம் தலையாட்டாதீர்கள். ஒரு சாதாரண கிகாபிட் கார்டு போதும்.

பழைய கம்ப்யூட்டரில் 100 எம்பிபிஎஸ் போர்ட் மட்டுமே இருந்தாலும் வாங்கலாம். கேமின் பிங் குறையாது, ஆனால் 100 ஜிபி கேமை டவுன்லோடு செய்யும் நேரம் குறையும். மேலே சொன்னது போன்ற குறையுள்ள சிப் மாட்டிக்கொண்டவர்களும், டெஸ்க்டாப்பில் வைஃபையே இல்லாதவர்களும் இந்தப் பட்டியலில் சேர்வார்கள். 2.5 ஜிபிபிஎஸ் கார்டு, 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு மேல் இணைப்பு எடுத்தவர்களுக்கும் வீட்டில் ஃபைல் சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் உதவும். ரவுட்டரின் போர்ட்டும் 2.5ஆக இருந்தால்தான் அதுவும். 10 ஜிபிபிஎஸ் கார்டு வீடியோ எடிட்டிங் செய்பவர்களின் சாமான். கேமுக்கு அதனால் ஆவது, கேபினட்டுக்குள் கொஞ்சம் கூடுதல் சூடு.

எதைப் பார்த்து வாங்குவது?

பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள், சிப்பின் பெயரைத் தேடுங்கள். கிகாபிட்டுக்கு ரியல்டெக் ஆர்டிஎல்8111 அல்லது இன்டெல் ஐ210, 2.5க்கு ரியல்டெக் ஆர்டிஎல்8125 என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இரண்டாம் கைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இன்டெல் ஐ350 சர்வர் கார்டுகளில் போலிகள் அதிகம், தெரியாத இடத்தில் வாங்க வேண்டாம்.

மதர்போர்டில் சின்ன பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் காலியாக இருக்கிறதா, கிராபிக்ஸ் கார்டு அதை மறைத்துவிட்டதா என்று கேபினட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். ஒல்லியான கேபினட் என்றால் குட்டைப் பிராக்கெட்டும் பெட்டியில் வரவேண்டும். லேப்டாப்பில் போர்ட் இல்லாதவர்களுக்கு யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் உண்டு. ஆர்டிஎல்8153 சிப் உள்ளதை எடுங்கள், யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள். யூஎஸ்பி 2 மொத்தமே 480 எம்பிபிஎஸ்தான். வைஃபை கார்டு என்றால் ஒயரில் நீண்டு மேசைமேல் வைக்கும் ஆன்டெனா உள்ளதாகப் பாருங்கள். கேபினட்டின் பின்பக்கம் நேராகத் திருகும் ஆன்டெனாக்கள் இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சிக்னல் தேடித் தவிக்கும்.

மாட்டும் முறை

முதலில் டிரைவரைப் பென்டிரைவில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். போர்ட் போன கம்ப்யூட்டரில் புதுக் கார்டை விண்டோஸ் அடையாளம் காணாவிட்டால், டிரைவரை டவுன்லோடு செய்ய நெட் இருக்காது! கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கார்டை எடுங்கள். ஸ்லாட்டுக்கு நேரான பின்தகட்டைக் கழற்றி, கார்டை ஓரங்களில் பிடித்து நேராக அழுத்துங்கள். தங்கப் பற்கள் முழுக்க மறைய வேண்டும். பிறகு திருகை முடுக்குங்கள்.

பழைய போர்ட் பாதி உயிரோடு இருந்தால் பயாஸில் ‘ஆன்போர்டு லேன்’ என்பதை அணைத்துவிடுங்கள், இரண்டும் போட்டி போடாது. கம்ப்யூட்டர் எழுந்ததும் லிங்க் ஸ்பீட் 1000 காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டாம் படியில் செய்த அதே ரவுட்டர் பிங்கை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, கார்டு மாட்டுவதற்கு முன் எடுத்த எண்களோடு ஒப்பிடுங்கள். குறை தீரவில்லை என்றால் கார்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் பில்லோடு கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.